திண்டின் பள்ளம்

(திண்டுக்கல்லில் நவராத்திரி விழாவொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)

நான் பேசத் தொடங்கு முன்பே முன்வரிசைக் குழந்தைகள் என்னை விட்டுவிட்டு மேடையோரத்து மேசையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளிக்கூடத்தில் சித்திரம் கற்பித்து ஓய்வு பெற்ற ஒருவனை மேடையேற்றினால், அவன் கோயிற் சிற்பத்தைப் பற்றியோ தஞ்சாவூர் ஓவியத்தைப் பற்றியோ இரண்டு வார்த்தை சொல்லுவான் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம். நான் பேச வந்திருப்பதோ பொம்மையைப் பற்றி. ஓரடி உயரமுள்ள பொம்மையைப் பற்றி. அதற்கு உடை மாற்றி, முகம் மாற்றி, கையையும் காலையும் மடக்கி ஒரு நிலையிலே நிறுத்தி, அதன் காலடியில் மண்ணையும் பின்னால் ஒரு சுவரையும் அமைத்து, வாய் திறவாத அந்தப் பொம்மையைக் கொண்டே ஒரு கதையைச் சொல்லிவிடுகிற வித்தையைப் பற்றி. இந்த அமைப்புக்கு மேல்நாட்டார் டயோரமா என்று பெயரிட்டிருக்கிறார்கள். 1822-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்தில் தாகேர் என்பவர், ஒளியை மாற்றி மாற்றிக் காட்டிய பிரம்மாண்டமான திரைச்சித்திரக் காட்சிக்கு வைத்த பெயர், காலப்போக்கில் சுருங்கிச் சுருங்கி மேசைமேல் வந்து உட்கார்ந்துகொண்டது. நாம் அதற்குக் கொலுவில் ‘பார்க்’ என்று பெயர் வைத்திருக்கிறோம். அதுவும் ஆங்கிலந்தானே என்று தமிழாசிரியர் யாரேனும் கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

பொம்மை குழந்தைகளுக்கு உரியது, அதிலும் பெண்குழந்தைகளுக்கு உரியது என்கிற அபிப்பிராயம் உலகம் முழுவதும் இருக்கிறது. 1959-இல் அமெரிக்காவில் பார்பி என்னும் பதினொன்றரை அங்குலப் பெண் பொம்மை வந்து சக்கைப்போடு போட்டபோது, அதே உயரத்தில் பையன்களுக்கும் ஒன்று செய்தால் என்ன என்ற எண்ணம் அந்நாட்டு ஹாஸ்ப்ரோ கம்பெனியாரைப் பிடித்துக்கொண்டது. ஓவியர்கள் மாதிரிக்கு வைத்துக்கொள்ளும், மூட்டுக்கு மூட்டு வளைகிற மர உருவம் ஒன்றைக் கடையிலே கண்டதுதான் வழியைத் திறந்தது என்று சொல்லுவார்கள். 1964-இல் ஜி. ஐ. ஜோ என்ற சிப்பாய் பிறந்தான். கன்னத்தில் ஒரு தழும்பு; உடம்பில் அசையும் பாகங்கள் இருபத்தொன்று. இத்தனையும் செய்துவிட்டு, அதைப் பொம்மை என்று சொல்ல மட்டும் அவர்களுக்குத் துணிவு வரவில்லை. ‘ஆக்‌ஷன் ஃபிகர்’ என்று ஒரு புதுநாமம் சூட்டினார்கள். பையன்கள் வெட்கமில்லாமல் வாங்கிப் போனார்கள். அப்பெயர்தான் இன்றுவரை நிலைத்திருக்கிறது. 2000-ஆம் ஆண்டில் ஹாங்காங்கிலே தொடங்கிய ஹாட் டாய்ஸ் போன்ற நிறுவனத்தார், சினிமாப் பாத்திரங்களை மயிர்க்காலும் தெரியும்படி அதே ஆறிலொரு அளவிலே வார்த்து விற்கிறார்கள்; அவற்றை வாங்குகிறவர்களில் பலர் தலை நரைத்தவர்கள்.

நமக்கு இந்த வெட்கம் என்றைக்காவது இருந்ததுண்டா? நவராத்திரி வந்தால் பரணிலிருந்து பொம்மைப் பெட்டியை இறக்கியது யார்? கோணிப்பையையும் பழைய வேட்டியையும் சுருட்டி வைத்துப் படி கட்டியது யார்? கடைசிப் படியிலே செட்டியாரையும் ஆச்சியையும் உட்காரவைத்து, அவர்களுக்கு முன்னால் அரிசியும் பருப்பும் பரப்பிக் கடை விரித்தது யார்? வீட்டு ஆண்பிள்ளைகளுந்தானே! தட்டிலே மணல் பரப்பி, கடுகு தெளித்து, மூன்றாம் நாள் அது முளைத்துப் பசும்புல்லாக நிற்பதைக் கண்டு, உடைந்த கண்ணாடித் துண்டைக் குளமாக்கி, தீப்பெட்டியை வீடாக்கி, செங்கற்பொடியைச் சாலையாக்கிய அந்தச் சிறுவர்களை நான் ஒவ்வொரு தலைமுறையிலும் கண்டிருக்கிறேன்.

உருவத்தை நம் விருப்பப்படி மாற்றிக்கொள்ளும் கலையும் நமக்குப் புதிதன்று. மரப்பாச்சியை எண்ணிப் பாருங்கள். செம்மரத்தில் ஒரே கட்டையாகச் செதுக்கிய உருவம், கை உடலோடு ஒட்டியிருக்கும், கால் பிரியாது, முகத்திலே சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. ஆகவேதான் அதை எவராக வேண்டுமானாலும் ஆக்கலாம். என் தாயார் வீட்டு மரப்பாச்சி ஜோடி ஓராண்டு ராஜா ராணி. மறு ஆண்டு மணமகனும் மணமகளும். காந்திகிராமம் இங்கே நம் பக்கத்திலேயே 1947-இல் தோன்றியதல்லவா? அங்கிருந்து வந்த கதர்த் துண்டில் எஞ்சிய ஒரு கிழிசலை, அம்மா ஓராண்டு அந்த ஆண் மரப்பாச்சியின் முழங்காலுக்கு மேலே இறுக்கிச் சுற்றி, செப்புக் கம்பியை இரண்டு வளையமாக முறுக்கி மூக்கின்மேல் வைத்து, கையில் பிடிக்க வழியில்லாமையால் ஈர்க்குச்சி ஒன்றைத் தோளோடு சேர்த்து நூலால் கட்டிவிட்டாள். முந்தின ஆண்டு வரையிலும் மகாராஜாவாக இருந்தவர் மகாத்மாவாகி நின்றார். முகத்திலே ஒரு கோடுகூட மாறவில்லை. ஆனால் வந்தவர்கள் எல்லாரும் கைகூப்பினார்கள்.

இப்பொழுது என்ன நடக்கிறது? மதுரைக்கு அருகிலுள்ள விளாச்சேரியிலிருந்தும், காஞ்சிபுரத்திலிருந்தும், பண்ணுருட்டியிலிருந்தும் அருமையான பொம்மைகள் வருகின்றன. அவற்றைச் செய்யும் கைகளை நான் வணங்குகிறேன். ஆனால் நாம் வாங்குவது ‘செட்’. கல்யாண செட், கிரிக்கெட் செட், காது குத்து செட்! மாமன் மடியில் குழந்தை எப்படி அழவேண்டும் என்பது முதல் எல்லாவற்றையும் அச்சே முடிவு செய்துவிடுகிறது. பெட்டியைத் திறந்து வரிசையாக வைத்தால் போதும். நாம் சொல்வதற்கு அங்கே கதை ஒன்றும் மிச்சமில்லை. இதைக் குறையாகத்தான் சொல்லுகிறேன். பொம்மைக்காரர்கள் பேரில் அல்ல, நம் சோம்பலின் பேரில்.

சரி, ஆறிலொன்று என்றேனே, அது என்ன கணக்கு? ஆறடி மனிதன் ஓரடி ஆகிறான், அவ்வளவுதான். கால், அரைக்கால், மாகாணி, முந்திரி என்று பின்னங்களுக்கெல்லாம் பெயரிட்ட நம் முன்னோர் ஆறிலொன்றுக்கு அந்த வாய்பாட்டிலே தனிப்பெயர் தரவில்லை. ஆனால் விளைச்சலில் ஆறிலொரு கூறு அரசனுக்கு இறை என்ற கணக்கு அவர்களுக்கு மனப்பாடம். இந்தச் சிற்றுலகத்துக்குள் நுழைகிற ஒவ்வொரு பொருளும் அந்த ஆறிலொன்றை இறுத்துவிட்டுத்தான் நுழையவேண்டும். ஆறு கெஜப் புடைவை ஒரு கெஜமாகும். நாற்பத்தைந்து அங்குல அகலம் ஏழரை அங்குலமாகும். ஒரே ஒரு அங்குலமுள்ள பெட்டிப் பூட்டு, அங்கே கொண்டுபோய்த் தொங்கவிட்டால் ஆறு அங்குலப் பூட்டு. பூட்டுக்குப் பெயர்போன நம் ஊருக்குக் குறைவில்லாமல் கோட்டைக் கதவுக்கே போதும்.

ஆனால் இந்தக் கணக்குக்குக் கட்டுப்படாத பொருள்களும் உண்டு. சின்னாளபட்டிச் சுங்குடியில் ஒரு கெஜம் கிழித்துப் பொம்மைக்குச் சுற்றிப் பாருங்கள். நம் கண்ணுக்கு மிளகாகத் தெரிந்த புள்ளி, அந்த அம்மாளின் புடைவையில் பழைய வெள்ளி ரூபாய் அளவுக்குத் தெரியும். நூலின் பருமன் குறைவதில்லை. துணியின் விறைப்பும் குறைவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, பாரம் ஆறிலொன்றாகக் குறைவதில்லை. நீளத்தில் ஆறு, அகலத்தில் ஆறு, கனத்தில் ஆறு, பெருக்கினால் 216. அறுபத்தைந்து கிலோ எடையுள்ள மனிதனை இப்படிச் சுருக்கினால் ஏறத்தாழ 300 கிராம்தான் நிற்கும். ஒரு கைப்பிடித் தக்காளியின் எடை! அவன் நடந்தால் மண்ணிலே தடம் விழாது. உட்கார்ந்தால் மெத்தை அமுங்காது. அவன் தோளிலிருந்து மேலாடை தொங்காது, குடைபோல விரிந்து நிற்கும். பொம்மை பொம்மையாகவே தெரிவதற்குக் காரணம் அதன் சிறுமை அல்ல, ஐயா, பாரமின்மை. இந்தக் கலையில் உள்ள பிரயத்தனம் முழுவதும், இல்லாத பாரத்தை இருப்பதாகக் காட்டுவதிலேதான் அடங்கியிருக்கிறது.

அதற்கு வழிகள் உண்டு. துவைத்துத் துவைத்து நைந்துபோன பழைய மல் வேட்டிதான் முதல் தரமான துணி. அதன் ஓரத்தை மடித்துத் தைக்கையில் தலைமயிர் போன்ற மெல்லிய கம்பியை உள்ளே விட்டுத் தைத்தால், மடிப்பு சொன்னபடி நிற்கும். பசையை நீரிலே கரைத்துத் துணியில் தடவி, விரலால் கீழ்நோக்கி நீவிவிட்டுக் காயவிட்டால், துணி கனத்துத் தொங்குவதுபோலத் தோன்றும். வெள்ளை வெளேரென்ற துணி எப்பொழுதும் பொய் சொல்லும். அதைத் தேயிலை டிக்காக்‌ஷனில் முக்கி எடுங்கள். கால்பக்கத்தில் சிறுமலை அடிவாரத்துச் செம்மண்ணைத் துணியில் சலித்து, உலர்ந்த தூரிகையால் தட்டுங்கள். முழங்கால் வரையில் கனமாக, மேலே போகப்போக இலேசாக. அந்த மனிதன் எவ்வளவு தூரம் நடந்து வந்தான் என்பதை அந்தப் புழுதி சொல்லிவிடும்.

புழுதி என்றதும் ஒருவர் ஞாபகத்துக்கு வருகிறார். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்துக் கிங்ஸ்டன் நகரத்தைச் சேர்ந்த மார்க் ஹோகன்காம்ப் என்பவரை, 2000-ஆம் ஆண்டு ஏப்ரல் 8-ஆம் தேதி, மதுக்கடை வாசலில் ஐந்து பேர் சேர்ந்து சாகும் தறுவாய்க்கு அடித்துப் போட்டார்கள். ஒன்பது நாள் பிரக்ஞை இல்லை. எழுந்தபோது முன்வாழ்க்கையின் ஞாபகத்தில் பெரும்பகுதி போய்விட்டது. நடக்கவும் உண்ணவும் புதிதாகக் கற்றார். சிகிச்சைக்குப் பணம் தீர்ந்துபோகவே, தம் வீட்டு முற்றத்தில் ஆறிலொரு அளவில் ஒரு கிராமத்தைக் கட்டத் தொடங்கினார். இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் பெல்ஜியக் கிராமம், பெயர் மார்வென்கால். அதிலே தமக்கு ஒரு பொம்மை, நண்பர்களுக்குப் பொம்மைகள், தம்மை அடித்தவர்களுக்கும் பொம்மைகள். அவற்றை நிறுத்தி, கதை நடத்தி, ஒவ்வொரு கட்டத்தையும் படமெடுத்தார். 2010-இல் அவரைப் பற்றிய ஆவணப்படமே வெளிவந்தது. அதிலே என் மனத்தில் பதிந்தது போர்க்காட்சி எதுவுமன்று. புதிதாக வந்த பொம்மை ஜீப்பின் சக்கரம் புதுக்கருக்கு மாறாமல் இருந்தால் கதை பொய்யாகிவிடும் என்று கருதி, அந்த மனிதர் அதைக் கயிற்றிலே கட்டி, சாலையோரமாகக் கூடவே இழுத்துக்கொண்டு நடக்கிறார். சக்கரம் தேயும் வரையில் நடக்கிறார். ஆயுதபூஜைக்கு வண்டியைக் கழுவிப் பளபளப்பாக்கும் நமக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். எனக்கு அது ஒரு தவமாகத் தோன்றியது.

இனி நிலைக்கு வருவோம். உருவத்தை எப்படி நிறுத்துவது? இதற்கு நாம் அமெரிக்கா வரையில் போகவேண்டியதில்லை. உத்தம தசதாளம் என்றால் உச்சியிலிருந்து உள்ளங்கால் வரையில் 124 சிற்ப அங்குலம் என்று கணக்கு வகுத்த நம் சிற்பிகளுக்கு, நிற்றல் என்பதும் ஒரு சாஸ்திரம். இரண்டு காலிலும் சமமாக நின்றால் சமபங்கம். ஒரு காலில் சற்றே சாய்ந்தால் ஆபங்கம். கழுத்திலும் இடையிலும் முழங்காலிலும் வளைந்தால் திரிபங்கம். அதற்கு மேலும் வளைந்து சுழன்றால் அதிபங்கம். உச்சியிலிருந்து ஒரு நூலைத் தொங்கவிட்டு, அது எங்கே விழுகிறது என்று பார்ப்பார்கள், அதுதான் பிரம்மசூத்திரம். பாரம் எந்தக் காலில் இருக்கிறது என்பதே அந்த நூல் சொல்லும் செய்தி. கடையிலிருந்து வந்த பொம்மை சமபங்கத்தில் நிற்கும். பூஜைக்கு அது போதும். கதைக்குப் போதாது. பாரம் ஒரு காலுக்கு மாறினால்தான், மற்றக் கால் அடுத்து எங்கே போகும் என்ற கேள்வி பார்ப்பவர் நெஞ்சில் எழும்.

இதோ, மேசைக்கு வருகிறேன். குழந்தைகள் நிமிர்ந்து உட்காருவதைக் காண்கிறேன்.

என் பழைய மாணவன் ஒருவன், பகலெல்லாம் ஒரு கடையில் கணக்கெழுதி, இரவெல்லாம் இந்தப் பொம்மை வேலையில் கண்ணைக் கெடுத்துக்கொள்கிறவன், ஆறு மாதத்துக்கு முன் என்னிடம் வந்து, “சார், நம்ம ஊர்க் கதை ஒண்ணு செய்யணும்” என்றான். வேலுநாச்சியார் கதை! 1772-இல் காளையார்கோயிலில் கணவர் முத்துவடுகநாதர் மடிந்தபின், மகளோடு இந்தச் சீமைக்கு வந்து விருப்பாட்சிக் கோபால் நாயக்கரிடம் அடைக்கலம் புகுந்து, எட்டாண்டு காத்திருந்து, 1780-இல் சிவகங்கையை மீட்ட அரசியார், இடையிலே திண்டுக்கல்லில் ஹைதர் அலியைச் சந்தித்து உதவி கேட்டார் என்பதும், ஹைதரோடு உருது மொழியிலேயே பேசினார் என்பதும் வழிவழியாகச் சொல்லி வருகிற செய்தி. ஹைதருக்கோ இவ்வூர் புதிதன்று. 1755-இலேயே இங்கே பௌஜ்தார் என்னும் படை அதிகாரியாக வந்து அமர்ந்தவர்.

மாணவன் முதலில் மலைக்கோட்டை முழுவதையும் செய்வேன் என்றான். 1605-இல் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் கட்டத் தொடங்கிய கோட்டை. அந்தப் பாறையை ஆறிலொன்றாகச் சுருக்கினாலும் இந்த மண்டபத்துக் கூரையைப் பெயர்த்துக்கொண்டு போகும். ஒரு மூலை போதுமென்றேன். ஒரு சுவர், ஒரு சாளரம், ஒரு விரிப்பு.

அடுத்த வாரம் அரசியைக் கொண்டுவந்தான். ஏதோ ஆங்கிலப் படத்துக் கதாநாயகியின் தலை. வெந்நீரில் போட்டு இளக்கி, கழுத்து மூட்டிலிருந்து கழற்றி, பழைய வர்ணத்தை அழித்து, எம்-சீலால் மூக்கைத் திருத்தி, காதுக்குப் பாம்படம் தொங்கவிட்டிருந்தான். எல்லாம் நன்று. ஆனால் கண் இரண்டும் பேயைக் கண்டவள்போல விழித்தன. கருவிழியை முழுவட்டமாக எழுதிவிட்டான். மேலிமை அதில் ஒரு பங்கை மூடவேண்டும் என்பது மறந்துவிட்டது. சிற்பிகள் கண் திறத்தலை ஏன் கடைசியில், நல்லவேளை பார்த்து வைத்தார்கள் என்பது அன்று அவனுக்கு விளங்கியது. அழித்தான், மறுபடி எழுதினான். நாலாவது தடவைதான் அவள் பார்த்தாள்.

கையிலோ வாள்! தலைக்குமேல் ஓங்கிய வாள், காலண்டரில் இருப்பதுபோல.

“ஏனப்பா, உதவி கேட்க வந்த வீட்டிலே வாளை ஓங்குவார்களா?” என்றேன்.

“வீரமா இருக்கணும்ல, சார்?”

“வீரம் கைக்கு ஏன் வரவேண்டும்? பாரத்தைப் பின்காலுக்கு மாற்று. வாள் உறையிலே இருக்கட்டும். கட்டைவிரல் மட்டும் பிடியின்மேல் இருக்கட்டும்.”

மாற்றினான். அரசி வந்து நின்றுவிட்டாள். போகவும் தயாராக நின்றாள்.

ஹைதரின் விஷயம் வேறு. முதலில் அடர்ந்த தாடி வைத்திருந்தான். தாடியும் மீசையும் வைத்துக்கொள்ளாதவர் என்று அவரை நேரிற் கண்ட ஐரோப்பியர் எழுதியிருக்கிறார்களே என்று சொல்லி, ஒட்டிய மயிரையெல்லாம் சுரண்டவைத்தேன். இரண்டு நாள் என்னோடு அவன் பேசவில்லை. பிறகு அவரைத் திண்டில் சாய்த்து உட்காரவைத்தான். அங்கேதான் வந்தது சங்கடம். இலவம்பஞ்சை அடைத்து அழகான திண்டு தைத்திருந்தான். நவாப் அதன்மேல் சாயவில்லை, மிதந்தார். 300 கிராம் நவாப் பஞ்சுத் திண்டை எப்படி அமுக்குவார்? கையால் அழுத்திப் பார்த்தோம். விரலை எடுத்ததும் திண்டு எழும்பி அவரைத் தள்ளியது. மணலை அடைத்தோம், கல்லாகக் கிடந்தது. கடைசியில் அவன் தாயார், அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, “கேப்பையப் போட்டுப் பாருங்களேன்” என்றார்கள். பஞ்சை எடுத்துவிட்டு முக்கால் திண்டுக்குக் கேழ்வரகை நிரப்பித் தைத்தான். நவாபின் முழங்கையைப் பிடித்து மெல்ல அழுத்தினான். தானியம் இரண்டு பக்கமும் ஒதுங்கியது, பள்ளம் விழுந்தது, விழுந்த பள்ளம் அப்படியே நின்றது. அந்தக் கணத்தில் ஓரடிப் பொம்மைக்கு ஓர் ஆளின் கனம் வந்துவிட்டது. திண்டு போன்ற கல்லால் பெயர் பெற்ற ஊரில், ஒரு திண்டுக்காக நாங்கள் பட்ட பாடு இது!

அரசியும் நவாபும் அமைந்துவிட்டார்கள். ஆயினும் காட்சி பேசவில்லை. இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தால் அது படமெடுக்க நிற்பதுபோல் இருக்கிறது. அவள் உருதுவிலே பேசினாள் என்பதை ஊமைப் பொம்மையால் எப்படிச் சொல்வது? ஒரு மாதம் அது கிடந்தது. ஒருநாள் இரவு பத்து மணிக்கு ஓடிவந்தான். “சார், துபாஷி ஒருத்தர் வேணும் சார்!”

ஆம், மொழிபெயர்க்க அழைத்துவந்த மனிதர். மூன்றாவது பொம்மை. நாயகரும் அல்லர், நாயகியும் அல்லர்; பெயர்கூட இல்லாதவர். இருவருக்கும் நடுவே, பேசுவதற்காகக் கையை விரித்து, ஓரடி முன்வைத்து நிற்கிறார். பாரம் முன்காலில் இருக்கிறது. ஆனால் தலை மட்டும் அரசியின் பக்கம் திரும்பிவிட்டது. விரித்த கை நடுவழியிலே நிற்கிறது. வாய் சிறிது திறந்திருக்கிறது. அவருடைய உத்தியோகம் அந்த நிமிஷத்தில்தான் போயிற்று. நவாபோ அவரைப் பார்க்கவே இல்லை.

நான் பேசி முடித்துவிட்டேன். வெளியே போகுமுன் எல்லாரும் மேசைப் பக்கம் வாருங்கள். நின்றபடி மேலேயிருந்து பார்த்தால் தலைப்பாகைதான் தெரியும். குனிந்து, அரசியின் கண்மட்டத்துக்கு உங்கள் கண்ணைத் தாழ்த்திப் பாருங்கள். முழங்கால் வலியுள்ள பெரியவர்களுக்கு ஒரு முக்காலி போட்டிருக்கிறோம். குழந்தைகள் முதலில் போகட்டும். திண்டை மட்டும் யாரும் தொடவேண்டாம். தையல் ஓரிடத்தில் விட்டிருக்கிறது, கேழ்வரகு கொட்டிவிடும்.